கச்சான் காற்றில் அசைந்த முள்

நெஞ்சில் வயர்கள் ஒட்டியபடி படுத்திருக்கும்போது பெரும்பாலானவர்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள். அந்த அம்மா தலையைச் சரித்து, திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட மனிசன்ட பெட்டி ஒண்டிலயும் இப்பிடித்தான் கோடு ஓடும்," என்றார்.

"பேசாமப் படுங்க அன்ரி. பேசினாக் கோடு குழம்பும்."

மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் ஈசிஜி எடுப்பது என் வேலை. காலை ஏழு மணி முதல் மதியம் ஒரு மணி வரை. மற்ற நாளாக இருந்தால் அவர் சொன்னதை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் நான் செய்வதே பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டுவதுதான். ஒஸிலோஸ்கோப், சிக்னல் ஜெனரேற்றர், முள் வைத்த வோல்ட்மீற்றர் என்று, மின்சாரத்தை அளப்பதற்காக ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் செய்யப்பட்ட கருவிகள். பழைய இரும்புக் கடைகளில் நிறைக்கு வாங்குவேன், திறப்பேன், செத்த கண்டென்சர்களைக் கழற்றி எறிந்து புதியவை வைப்பேன். விற்பதில்லை. இருட்டாகக் கிடந்த ஒன்று சூடேறி மெல்லக் கண் திறப்பதைப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

அவருடைய நெஞ்சிலிருந்து ஜெல்லைத் துடைத்துவிட்டுக் கேட்டேன். "என்ன பெட்டி அன்ரி?"

அவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். கணவர் றேடியோ திருத்துபவராக இருந்தவர். சுனாமிக்கு முன் டச்பாரில், கடலோரம் வீடு. கோடு ஓடும் பெட்டியையும் மற்ற எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. கணவரையும்தான். அவருடைய உடல் கிடைக்கவேயில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு, வாவியில் வலை வீசிய ஒருவர், கரையோரக் கண்டல் மர வேருக்குள் சேற்றில் புதைந்து கிடந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டியை இழுத்தெடுத்தார். மூடியில் கணவர் ஆணியால் கீறி வைத்திருந்த பெயரைப் பார்த்து, விசாரித்து, கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அது முள்ளுப் பெட்டி. இருபது வருஷமா அலுமாரிக்குள்ள கிடக்கு. நான் துறக்கயில்ல," என்றார். "நீங்க துறந்து உள்ள என்ன கிடக்கு எண்டு பாத்துச் சொல்லுங்க புள்ள."

அடுத்த நாள் நகரில் அவர் இருந்த சிறிய வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் தலையணை உறை ஒன்றில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஆயத்தமாக வைத்திருந்தார். தேத்தண்ணி தந்தார். பொதியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கியபோது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தார்.

எங்கள் வீடு அமிர்தகழியில். பின்னறையின் ஜன்னல் வாவியைப் பார்த்தது. வாவிக்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் கடல். அந்த ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். முள் வைத்த பழைய வோல்ட்மீற்றர்தான் அது. திருகாணிகள் துருவோடு ஒன்றாகிப் போயிருந்தன. மூடி கழன்றதும் வாவிச் சேற்றின் மணம் வந்தது. இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்த பொருளிலிருந்து அத்தனை பச்சையான மணம் வரும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே ஒரு கைப்பிடி மணல், ஒரு சிப்பி, கறுத்துச் சுருண்ட ஒரு இலை. வேறொன்றும் இல்லை. தொலைபேசியில் அப்படியே சொன்னேன்.

"கடதாசி ஒண்டும் இல்லையா?"

"இல்ல அன்ரி."

"சரி. ஏலுமெண்டா அதத் திருத்துங்க. உயிர் வருதா எண்டு பாப்பம்."

திருத்த இரண்டு மாதம் எடுத்தது. ட்ரான்ஸ்போமர் உள்ளுக்குள் அழுகிப்போயிருந்தது, வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன். கண்டென்சர் எல்லாம் மாற்றினேன். வால்வுகள் இரண்டும் கண்ணாடிக் குமிழ்கள். உள்ளே காற்றே இல்லாதவை, கடலும் அவற்றுக்குள் போகவில்லை. ஆச்சரியம் அந்த முள்தான். அதன் கண்ணாடி மூடிக்குள் ஒரு துளி ஈரம்கூட ஏறியிருக்கவில்லை. அளவை மாற்றத் திருகும் பெரிய சுவிட்சை மட்டும் நான் கழற்றவில்லை. அதில் முப்பதுக்கு மேல் வயர்கள். இருந்த இடத்திலேயே தூரிகையால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். சோம்பல்தான், வேறு காரணமில்லை.

பெட்டி வேலை செய்தது. பற்றரி ஒன்றை அளந்து பார்த்தேன், சரியாகக் காட்டியது. வயரைக் கழற்றினேன், முள் பூச்சியத்துக்கு வந்து நின்றது. இவ்வகைக் கருவிகளை சில நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் மதியம் வீட்டுக்கு வந்ததும் அதன் பிளக்கைச் செருகிப் போட்டுவிட்டு, வேறு வேலை பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது, முள் நடுவில் நின்றது.

எதுவும் தொடுக்கப்படவில்லை. வயர் ஆணியில் தொங்கியது. பெட்டியைத் தட்டினேன். முள் நடுங்கி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் அது உடனே இறங்கவில்லை. வால்வுகளின் சிவப்பு அணைந்து கண்ணாடி கறுத்த பிறகுதான், யாரோ மெல்லக் கையை எடுத்ததுபோல, கீழே வந்தது. மின்சாரம் உள்ளே தேங்கி நிற்கும், அதனால்தான் தாமதம் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்று அதை மறுபடி போடவில்லை.

மறுநாள் வேறெந்த வேலையும் செய்யாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆனி மாதம். காலையிலிருந்து கச்சான் வீசியது. எங்கள் பக்கத்துக் கச்சான் மேற்கிலிருந்து வயல்வெளிகளைக் கடந்து வரும் காய்ந்த காற்று, உதட்டை வெடிக்க வைக்கும். மூன்று மணிக்கு மேல் அது விழுந்தது. எல்லாம் நின்றுவிட்ட ஒரு அமைதி. ஜன்னல் சீலை அசையவில்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முள் எழுந்தது.

பாய்ந்து எழவில்லை. ஏறியது, சற்று இறங்கியது, மறுபடி ஏறியது. தூங்குகிறவரின் மார்பு எழுந்து தாழ்வதுபோல. கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருப்பதை உணர்ந்து, பலவந்தமாக நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் ஜன்னல் சீலை உள்ளே வீங்கியது. கடல்காற்று. முதலில் முள், பிறகு சீலை. காற்றுக்கு முன்னால் ஏதோ ஒன்று அறைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

உன்னிச்சைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் கணவர் வீட்டுக்கு வந்ததும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். நின்று பார்த்தார். சுனாமிக்கு அடுத்த நாட்களில் கல்லடிக் கரையில் உடல்களைத் தூக்கிய இளைஞர்களில் அவரும் ஒருவர். அதைப்பற்றி ஒரு நாளும் பேசமாட்டார்.

"கடலுக்குள்ள கிடந்த சாமானை வீட்டுக்குள்ள எடுக்கப்படாது," என்றார்.

"கறன்ட் ஒழுகுது, வேற ஒண்டுமில்ல."

"அப்ப ஏன் என்னைக் கூட்டி வந்து காட்டுறாய்?"

அடுத்த நாள் கச்சான் பொழுதுபடும் வரை விழவில்லை. இரண்டு பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தோம். முள் பூச்சியத்தில் செத்துக் கிடந்தது. அவர் எழுந்து போனார். அதன்பின் அந்த அறைக்குள் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வாசலில் நின்றே கேட்பார்.

ஆனால் அசையாத அந்த நாள்தான் எனக்கு வழியைக் காட்டியது. கடல்காற்று வந்த நாட்களில் மட்டும் அசைகிறது. அப்படியானால் ஈரம். குசினியிலிருந்து கொதிக்கும் கேத்தலைக் கொண்டுவந்து, திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். முள் துள்ளிக்கொண்டு மறுகரைக்குப் போனது. அந்தப் பெரிய சுவிட்சின் தட்டுகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை. காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு அதைக் குடிக்கிறது, மின்சாரம் அதன்மேல் நடந்து வந்து முள்ளைத் தூக்குகிறது. சீலை அசையுமுன்னே ஈரம் மெல்லப் பரவத் தொடங்கிவிடுகிறது.

சிரித்துக்கொண்டேன். கேத்தலைக் கீழே வைத்தேன். பிறகுதான் அது எந்த உப்பு என்பது மனதில் தைத்தது. அந்த மனிதரைக் கொண்டுபோன தண்ணீர் இந்தப் பெட்டிக்குள் காய்ந்துபோய் இருக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் கடலிலிருந்து காற்று வரும்போது அது விழித்துக்கொள்கிறது. காரணம் தெரியாமல் இருந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அண்டைக்கு வந்த கடல்ட உப்பா?"

"ஓம் அன்ரி."

"நான் வாறன். எனக்கு முன்னால போட்டுக் காட்டுங்க."

அவர் வந்த நாளும் கடும் கச்சான். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது சட்டை உடலோடு ஒட்டியிருந்தது. இன்றைக்கு அசையாது, வேறொரு நாள் வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். பெட்டியைப் போட்டேன். அவர் கதிரையை இழுத்து மேசைக்கு மிகக் கிட்டவாகப் போட்டுக்கொண்டார். காற்று மேற்குச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. வாவிப் பக்கச் சீலை அசையவேயில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முள் எழுந்தது. கேத்தலைப் பிடித்த தடவை தவிர, நான் அதுவரை கண்டதிலேயே மேலே, அளவின் கடைசிக் கோட்டுக்குக் கிட்ட.

அவர் குனிந்து, அவர்கள் வீட்டில் பேசும் போர்த்துக்கேயத்தில் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். கேள்வி கேட்கும் தொனி. முள் பாதிக்கு இறங்கியது, திரும்ப ஏறியது. இன்னும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சிறிய அறை, இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் போதுமான ஈரம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கணவரோடு உட்கார்ந்திருந்த கச்சான் நாளிலும் அதே அறையில் இரண்டு பேர்தான், அன்று முள் அசையவில்லை.

"உப்பக் கழுவ ஏலுமா?" அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏலும். கழுவினா மறுகா இப்பிடி அசையாது அன்ரி."

"தெரியும். கழுவுங்க. அந்த மனிசன் இவ்வளவு காலமும் தண்ணிக்குள்ள நிண்டது காணும், போதும்."

முப்பது வயர்களையும் அடையாளம் போட்டு, ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கிக் கழற்றினேன். ஒரு மணித்தியாலம் சென்றது. அவர் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுவிட்சைப் பெரிய கோப்பையில் வைத்து, வாகனப் பற்றரிகளுக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஒரு போத்தலை மெல்ல ஊற்றித் தூரிகையால் கழுவினேன். முதலில் தெளிவாக வந்தது. பிறகு தேத்தண்ணி நிறத்தில் கலங்கியது. அவர் அதில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். நான் தடுக்கப் போவதற்குள் வைத்துவிட்டார்.

"கடல்தான்," என்றார்.

அந்தத் தண்ணீர் முழுவதையும் போத்தலில் ஊற்றித் தரச் சொன்னார்.

சுவிட்ச் ஐந்து நாள் வெயிலில் காய்ந்தது. திரும்பப் பொருத்தினேன். அந்த அம்மா பெட்டி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாரி மழையில்கூட அசைவதில்லை. அளந்ததை ஒழுங்காகக் காட்டும் ஒரு சாதாரணக் கருவி. என் கணவரும் திரும்ப அறைக்குள் வரத் தொடங்கிவிட்டார்.

சுவிட்சைக் கழுவிய அன்று மாலை, போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா வாவிக் கரைக்குப் போக வேண்டும் என்றார். ஐந்து நிமிட நடை. வெளிச்சம் இன்னும் இருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு தோணி கவிழ்த்துப் போட்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி, போத்தலைச் சரித்தார். கலங்கல் தண்ணீர் வாவியோடு கலந்தது. போத்தலை இரண்டு தரம் அலசினார். கரைக்கு ஏறினார்.

"கிறுகிப் பாக்காதீங்க அன்ரி," என்றேன். சாம்பல் கரைத்துவிட்டு நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அது உங்கட முறை," என்றார். "நான் பாப்பன்."

அவர் திரும்பினார். நான் தெருவைப் பார்த்தபடி நின்றேன். கச்சானில் கண்டல் இலைகள் உரசிக்கொண்டன. பிறகு என் முதுகுக்குப் பின்னால், நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கண்டவர்போல, "ஆ..." என்று மெல்லச் சொன்னார். தண்ணீரில் ஏதோ ஒருமுறை அடித்தது. மீனாக இருக்கலாம்.

என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் ஈரமாக, அந்த வெக்கையிலும் குளிர்ந்திருந்தன.

"வாங்க புள்ள," என்றார். "பஸ் போயிரும்."