தை வெள்ளிக்குக் காத்திருந்த லைசென்ஸ்

என் பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு தினசரி காலண்டர் தாள் இருக்கிறது. தை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழித்து, 'பன்னிரண்டுக்கு மேல்' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பது மாடிவீட்டு அக்காவின் கையெழுத்து.

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் அக்கா குடும்பம் எங்களுக்கு மேல் வீட்டில் இருந்தது. அவர் கணவருக்கு வேலை போனது. அதோடு விசா போனது. விசாவோடு அக்காவின் டிரைவிங் லைசென்ஸும் காலாவதியானது. புதுப்பிக்கப் போனால் விசா எங்கே என்றார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஆபீஸிலிருந்து திரும்ப ஏழு மணியாகிவிடும் என்பதால், டேகேரிலிருந்து என் மகளை அழைத்து வந்தது அக்காதான். போலீஸ் நிறுத்தினால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களே, பின்சீட்டில் குழந்தை இருக்குமே, அக்கா குடும்பத்தின் கதி என்ன ஆகும்? வேறு ஏற்பாடு பார்க்கலாமா, பார்த்தால் அக்கா மனம் நோகுமா என்று ஒவ்வொரு சாயங்காலமும் குழம்புவேன்.

அந்த வருடம்தான், விசா இல்லாதவர்களும் லைசென்ஸ் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. ஜனவரியில் அமல். எனக்கு உயிர் வந்தது.

"முதல் நாளே போய் அப்ளை பண்ணிடுங்கக்கா."

"மார்கழியில யாராச்சும் நல்ல காரியம் பண்ணுவாங்களா கண்ணு? தை பொறக்கட்டும்."

"லைசென்ஸ் ஆபீசுக்கு ஏதுக்கா மார்கழி?"

"எனக்கு இருக்குதே. நாள் பார்க்காம போய்த்தானே நீ டிரைவிங் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஃபெயில் ஆன?"

வாரக்கணக்கில் இதே சண்டை. இந்தியக் கடையில் புதுக் காலண்டர் கொடுத்த அன்றே அக்கா நாளும் குறித்துவிட்டார். நாங்கள் மார்கழியா தையா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஆட்சி மாறி, டிசம்பருக்குள் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு ஓட்டலாம் என்று ஓர் அட்டை கொடுக்க இத்தனை பெரிய மாநிலத்துக்கு என்னதான் கஷ்டமோ!

அந்தத் தை வெள்ளியன்றும் அக்காதான் மகளை அழைத்து வந்திருந்தார். டேகேர் பையோடு இந்தத் தாளையும் என் கையில் திணித்தார்.

"குப்பையில போடு. நாளு நல்ல நாளுதான். இவங்கதான் சரியில்ல."

அடுத்த வருடமே அவர்கள் ஈரோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

போன வாரம் என் லைசென்ஸைப் புதுப்பிக்க உறையைத் துழாவியபோது தாள் கீழே விழுந்தது. மகள் எடுத்துப் பார்த்தாள். அக்காவின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. லைசென்ஸ் வாங்க அக்கா நாள் குறித்த கதையைச் சொன்னேன்.

"ஸோ, டிட் ஷி கெட் இட்?" என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அவள் என்ன செய்வாள், பாவம். தாளை வாங்கி மறுபடியும் உறைக்குள் வைத்தேன்.