தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு, ஏறாத ரயில்களின் டிக்கெட்டோடு

1993, டிசம்பர் 26. விடிவதற்கு முன், மேற்குத் தாம்பரத்தில் ஜெயந்தி அக்கா வீட்டு வாசலிலிருந்து இரண்டு லேடீஸ் சைக்கிள்களில் கிளம்பினோம். முன்கூடையில் தண்ணீர் பாட்டில், பின்னால் கேரியரில் கட்டிய துணிப்பை, ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள். போக வேண்டிய ஊர் திருச்சி. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர்.

அக்கா தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். கணவர் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில்தான். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு குரோம்பேட்டை. தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். கவுன்டருக்கு வெளியே நின்று சில்லறை கேட்டுக் கேட்டுத் தொடங்கிய பழக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் முடிச்சூர் சாலையில் சேர்ந்து சைக்கிள் விடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. என் சைக்கிளும் அக்கா வீட்டில்தான் நிற்கும்.

திருச்சி யோசனை அவருடையது. அக்காவின் தம்பி கூடாரம் ஒன்று தருவதாகச் சொன்னான். என் அப்பா அதைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ரோட்டோரமா துணியைக் கட்டிக்கிட்டு படுக்கறதா? போறதுன்னா போ. ஆனா ராத்திரி நாலு சுவருக்குள்ள இருக்கணும். நல்ல லாட்ஜா பாரு. தினம் சாயங்காலம் எதிர்வீட்டுக்கு போன் பண்ணணும். ஒரு நாள் ரூம் கெடைக்கலேன்னாலும் பஸ் ஏறி வந்துடணும்."

இருபத்தேழு வயதில் எனக்கு இந்த அனுமதியே பெரிது. உடனே சம்மதித்தேன்.

லாட்ஜுகளை விசாரிப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் தாம்பரம் பஸ் நிலையம். திருச்சிப் பக்கம் போகும் டிரைவர் ஒருவர், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, சைக்கிள்லயா? திருச்சிக்கா? பஸ்ல போனாலே இடுப்பு வுட்டுப் பூடுது. லாரிக்காரன் சைடு குட்க்காம வந்துகினே இருப்பான், பேஜாரும்மா."

"லாட்ஜு எங்க அண்ணா நல்லா இருக்கும்?"

"திண்டிவனத்துல ரெண்டு கீது. வியாபாரிங்க தங்குற எடம். அதுக்கு அப்பால விழுப்புரம். மத்ததெல்லாம் வேணாம் தாயி."

அதன்படி எஸ்.டி.டி. பூத்திலிருந்து திண்டிவனத்து லாட்ஜுக்குப் பேசினோம். இரண்டு பேருக்கு அறை இருக்கிறது, அறுபது ரூபாய் என்றார்கள். அக்கா தன் பெயரைக் கொடுத்தார். திட்டம் முடிந்துவிட்டதாகவே நினைத்தோம்.

முதல் நாள் பாதை தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். மறைமலை நகரைத் தாண்டும்போது காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் கூட்டத்தோடு கலந்து போனோம். செங்கல்பட்டில் இட்லி. பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அச்சிறுபாக்கத்தில் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுத்தோம். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் கை காட்டினார்கள். சில ஆண்கள் வேறு ஏதோ கத்தினார்கள். லாரிச் சத்தத்தில் அது காதில் விழாமல் போனது ஒரு வசதி.

மாலை ஐந்து மணிக்குத் திண்டிவனம். லாட்ஜ் மேனேஜர், நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு வைத்த மனிதர், எங்களைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"சார் வண்டி நிறுத்திட்டு வராரா?"

"எந்த சார்?"

"ரெண்டு பேருன்னு சொன்னீங்களேம்மா."

"நாங்கதான் அந்த ரெண்டு பேர்."

அவர் கையிலிருந்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "லேடீஸ் மட்டும் வந்தா ரூம் தர்றதில்லம்மா. ஓனர் ஆர்டர். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசுக்கு யார் பதில் சொல்றது?"

அக்கா ரயில்வே அடையாள அட்டையைக் காட்டினார். தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொன்னார். "அவர் கூட வந்திருந்தா பேச்சே இல்லம்மா" என்றார் மேனேஜர், மரியாதை குறையாமல்.

இரண்டாவது லாட்ஜில் கல்லாவில் இருந்ததே ஓர் அம்மாள். அவர் எங்கள் கதையை முழுதாகக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், அறையும் தருகிறேன் என்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. மாடிப்படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வெளியில பூட்டி சாவிய நான் வெச்சுக்குவேன். காலைல ஆறு மணிக்குத் தெறந்து விட்டுடறேன். உங்க நல்லதுக்குத்தாம்மா."

நான் படியிலேயே நின்றேன். காலையிலிருந்து மிதித்ததில் தொடை இரண்டும் வலித்தன. பூட்டினால் பூட்டட்டும், படுத்தால் போதும் என்றுதான் தோன்றியது. ஆனால் அக்கா பையைக் கீழே வைக்கவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் இருக்கில்ல? அதை நாங்க போட்டுக்கறோம்."

"அது சரிப்படாதும்மா. எனக்குத் தூக்கம் வராது."

"பூட்டினா எங்களுக்கு வராது" என்று அக்கா கீழே இறங்கிவிட்டார்.

தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டிய நேரம். எதிர்வீட்டில் அவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. முதல் மணியிலேயே எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அவ்வளவுதான். சைக்கிளை பஸ் மேல ஏத்திட்டு வந்துடும்மா" என்றார். கோபம் இல்லை. நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது.

அப்போது அக்கா பூத்துக்குள் தலையை நீட்டி, "ஸ்டேஷன்ல தங்கறோம்னு சொல்லு" என்றார்.

"அப்பா, நாங்க ஸ்டேஷன்ல தங்கறோம்."

"போலீஸ் ஸ்டேஷனா!"

"ரயில்வே ஸ்டேஷன்ப்பா."

"ஜெயந்திகிட்ட குடு" என்றார். அக்கா கவுன்டரில் பயணிகளிடம் பேசும் அதே குரலில் விளக்கினார். டிக்கெட் வைத்திருப்பவர் ரயில் வரும்வரை பெண்கள் காத்திருப்பு அறையில் இருக்கலாம். பெரிய நிலையங்களில் வாடகைக்கு ஓய்வறையும் உண்டு. கூட ஆண் இருக்கிறாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள், டிக்கெட் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். "நாலு சுவர் இருக்கு சார், கதவும் இருக்கு" என்று முடித்தார்.

அப்பா சரி என்று சொல்லவில்லை. "நாளைக்கு விழுப்புரத்துலேர்ந்து பேசச் சொல்லுங்க" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

காலை பாசஞ்சரில் விழுப்புரம் போக இரண்டு டிக்கெட் வாங்கினோம். பணியில் இருந்த நிலைய அதிகாரி டிக்கெட்டையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல இந்த வண்டியில போறீங்களா, இல்ல அதுலயா?"

"டிக்கெட் இருக்கு சார். ஏறுறதும் ஏறாததும் எங்க இஷ்டம்" என்றார் அக்கா. அதிகாரி சிரித்துவிட்டு, சைக்கிள்களைப் பார்சல் அறை ஓரமாக நிறுத்தச் சொன்னார். மர பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பக்கத்து பெஞ்சில் மூன்று பெண்கள் கோழிக் கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர்களிடம் யாராவது என்றைக்காவது சார் எங்கே என்று கேட்டிருப்பார்களா என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் மட்டும். விழுப்புரம் ஜங்ஷனில் மாடியில் ஓய்வறை கிடைத்தது. இரண்டு கட்டில், கொசுவலை, தாராளமாகத் தண்ணீர். அங்கே வரைபடத்தை விரித்தோம். நெடுஞ்சாலையிலேயே போனால் உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர். அங்கெல்லாம் ரயில் இல்லை. ரயில் பாதையோடு போனால் விருத்தாசலம், அரியலூர், லால்குடி. சாலை சின்னது, லாரி குறைவு. அன்றைக்கே பாதையை மாற்றினோம்.

மாலையில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஒரு நிமிஷம்" என்றார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அரியலூர்ல எக்ஸ்பிரஸ் நிக்குது. அப்ப வெயிட்டிங் ரூம் இருக்கும். செந்துறையில பாசஞ்சர் மட்டும்தான், அங்க தங்காதீங்க."

"எப்படிப்பா தெரியும்?"

"காலைல ஸ்டேஷன்ல டைம்டேபிள் வாங்கினேன்" என்றார், காய்கறி வாங்கியதைச் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் விருத்தாசலம். நான்காம் நாள் பெண்ணாடத்துக்கு அப்பால் என் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியது. ரயில்வே கேட் ஒன்றின் அருகே உட்கார்ந்து ட்யூபைக் கழற்றினோம். கேட்காரரின் மனைவி மணிமேகலை ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, காற்றுக் குமிழி எங்கே வருகிறதென்று எங்களோடு குனிந்து பார்த்தார்.

"ரெண்டு பேருமா சுத்துறீங்க?"

"ஆமாங்க்கா."

"புள்ளைங்கள யாரு பாத்துக்கறா?"

"இன்னும் இல்லீங்க்கா."

"அப்ப இப்பவே சுத்திடுங்க" என்றார் அவர்.

அந்த நேரத்தில் கேட் மூடியது. விருத்தாசலத்தில் நாங்கள் டிக்கெட் வாங்கிய பாசஞ்சர் எங்களைத் தாண்டிப் போனது. "நம்ம வண்டி" என்று அக்கா எழுந்து நின்று கை காட்டினார். மணிமேகலையும் எதற்கென்று தெரியாமலே கை காட்டினார்.

இரவு அரியலூரில் தங்கி, ஐந்தாம் நாள், டிசம்பர் 30, மாலை நான்கு மணிக்குக் கொள்ளிடம் பாலத்தில் ஏறினோம். மழைக்காலம் முடிந்து ஆற்றில் தண்ணீர் இருந்தது. வலது பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், எதிரே மலைக்கோட்டை. அக்கா பாலத்தின் நடுவில் இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதார். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "கால் வலிடி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் சைக்கிள்களை லக்கேஜ் பெட்டியில் ஏற்றிவிட்டுப் பகல் நேர எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பினோம். இந்த முறை டிக்கெட் வாங்கிய வண்டியிலேயே ஏறினோம். ஐந்து நாள் மிதித்த தூரம் ஜன்னலில் ஆறேழு மணி நேரத்தில் பின்னால் ஓடியது.

தாம்பரம் நடைமேடையில் அப்பா நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "கறுத்துட்டே" என்றார். பிறகு அக்காவிடம், "லால்குடியில வெயிட்டிங் ரூம் எப்படி?" என்று கேட்டார். "அங்க நாங்க தங்கலியே சார்" என்று அக்கா சொன்னதும், சற்று ஏமாந்தவர்போல் தலையாட்டினார். தாம்பரத்தில் ஒரு மரக்கடையில் அவருக்கு வேலை. குரோம்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிளில்தான் வருவார். அன்றும் சைக்கிள் வைத்திருந்தார்.

என் சைக்கிளை அக்கா வீட்டில் விடாமல், முதல் தடவையாக வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். ஜி.எஸ்.டி. சாலையில் அப்பா முன்னால், நான் பின்னால். இந்த ஐந்து கிலோமீட்டரை ஏழு வருஷமாக ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். சானடோரியத்துக்குப் பக்கத்தில் சாலை லேசாக மேலேறுகிறது என்பது எனக்குத் தெரியாது. ரயிலில் அது தெரியாது. கால்தான் சொன்னது.

அப்பா அங்கே வந்ததும் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். இறங்கிய விதத்தைப் பார்த்தால் தினமும் அங்கேதான் இறங்குகிறார் என்று தெரிந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நானும் பிரேக் பிடித்தேன்.

"நீ ஏன் இறங்கறே? போ, போ" என்றார், மூச்சு வாங்க.

நான் இறங்கவில்லை. அவரைத் தாண்டி மிதித்து மேலே போய், ஒரு காலைத் தரையில் ஊன்றி, அவர் வந்து சேரும்வரை நின்றேன்.