தங்கைக்காக நான் சொன்ன ‘போலே’

என் தங்கையின் உதவித்தொகை நின்றுபோனதற்குப் பாதிக் காரணம் அரசாங்கம். மற்றப் பாதி நான். அரசாங்கத்தின் பங்கைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. என் பங்கை நான்தான் எழுத வேண்டும்.

அவள் எங்கள் வீட்டின் கடைக்குட்டி. நான் ஆசிரியர் பயிற்சிக்குக் கிளம்பியபோது தொட்டிலில் கிடந்தவள். இன்னும் அறுபதைத் தொடவில்லை. சர்க்கரை நோய் முதலில் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பிறகு கண்பார்வையில் கைவைத்தது. பீடோருக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது, வேலையாட்களுக்கென்று ஓர் ஓரமாக மலிவுவிலை வீடுகள் கட்டினார்கள். அதில் ஒன்றில் அவள் தனியாக இருக்கிறாள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. நானும் மனைவியை இழந்தவன்தான். ஈப்போவில் எனக்குச் சொந்த வீடு, கார், ஓய்வூதியம் எல்லாம் உண்டு.

என்னோடு வந்து இரு என்று பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். “உங்க வீட்டுல இருமறதுக்குக்கூட பெர்மிஷன் கேக்கணும்ணே” என்று சிரித்துத் தட்டிக்கழிப்பாள். அவள் வராததற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். அவள் நம்பர் எடுப்பாள். நாலு இலக்க லாட்டரி. கனவில் வந்த பாம்பு, முச்சந்தியில் கவிழ்ந்த லோரியின் எண், செத்துப்போனவரின் வீட்டு எண் என்று எதையும் விடமாட்டாள். தொகை கணக்கில் ஏறியதும் பக்கத்து வீட்டு அக்காவை மளிகைக்கு அனுப்புவாள், அப்படியே நம்பர் கடைக்கும். “அரசாங்கக் காசில் சூதாடுகிறாயே” என்று ஒருநாள் கண்டித்தேன். “என் காசு” என்றாள். நாற்பது ஆண்டுகள் ஒழுக்கம் போதித்தவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

போன ஆண்டு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உடற்குறையுள்ளோருக்கான உதவித்தொகை வாங்குகிற எல்லாரையும் மறுபடி விசாரித்து, உண்மையாகவே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டுமாம். சிக்கனம் என்று சொன்னார்கள். பொதுமண்டபத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது நான் ஈப்போவிலிருந்து போய் அவளைக் காரில் அழைத்துக்கொண்டு போனேன்.

விசாரித்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். மரியாதையான பிள்ளை. மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“காக், போலே ஜாலான்?”

அக்கா, நடக்க முடியுமா என்று கேட்கிறார். என் தங்கை செயற்கைக் காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, “போலே” என்றாள்.

“போலே மாசாக்?” சமைக்க முடியுமா?

“போலே, போலே.”

குளிக்க, துணி துவைக்க, கடைக்குப் போக. எல்லாவற்றுக்கும் போலே. முடியும், முடியும்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது புரியாது. எங்கள் காலத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நின்றாலும் “முடியுமா?” என்று வேலை வாங்கும் மண்டோர் கேட்டால் அப்பா “முடியும்ங்க” என்பார். முடியாது என்றவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. அடிக்கடி முடியாதவனிடம், தோட்டம் கொடுத்த லயத்து வீடு எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தையைக்கூடப் பேசலாம், முடியாது என்ற வார்த்தையைப் பேச முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பவருக்கு ஒரே பதில்தான். அந்த மண்டபத்தில் அன்று எல்லாரும் அந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் எப்படி நடக்கிறாள், எப்படிச் சமைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். எனக்கு மலாய் நன்றாகவே வரும், அந்த மொழியில் பாடம் நடத்தியவன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வந்ததும் சொல்லியிருந்தேன். தங்கையின் செலவுகளை உங்களால் தாங்க முடியுமா என்று கேட்டார். “சிக்கு போலே தங்கோங்?” சிக்கு என்றால் ஆசிரியர்.

எனக்குப் பின்னால் வரிசையில் பழைய தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னேன்.

“போலே.”

வீம்பு என்று அதை முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் வீம்பு மட்டும் இல்லை. தொகை நின்றால் அவள் வேறு வழியில்லாமல் ஈப்போவுக்கு வருவாள், நம்பர் எடுப்பதும் நிற்கும் என்று அந்த நொடியில் எனக்கு ஓர் எண்ணம் ஓடியது. அந்த எண்ணம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

தொகை நின்றது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நின்றது. அவருடைய மகன் பிறந்ததிலிருந்தே படுக்கையில் இருப்பவன், இப்போது தாடி வைத்த ஆள். அவனைப் பராமரிப்பதற்காக அவருக்குக் கொடுத்துவந்தார்கள்.

தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். “அண்ணே, காசு ஏறல லா.”

“கவலைப்படாதே. அதே தொகையை நான் மாதாமாதம் போட்டுவிடுகிறேன்.”

“நீங்க குடுத்தா நான் தேங்க்யூ சொல்லணும். மாசாமாசம் சொல்லணும். கவர்மெண்டுக்கு நான் ஒருநாளும் தேங்க்யூ சொன்னதில்லண்ணே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லாருக்கும் தொகை நின்றிருந்தது. தங்கை சக்கர நாற்காலியில் நடுவில் இருந்து ஒவ்வொருவரிடமும் நீ என்ன சொன்னாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பு லோரி ஓட்டிய ஒருவர், விபத்தில் வலது கையை இழந்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒத்தக் கையில லோரி ஓட்டுவியான்னு கேட்டிருந்தா அதுக்கும் போலேன்னுதான் சொல்லியிருப்பேன்க்கா!”

கூடமே சிரித்தது. “சிரிக்காதீங்க” என்றாள் தங்கை, அவளும் சிரித்துக்கொண்டே. “அப்பனுங்க பெரட்டுல சொன்னத நம்ம ஆபிஸ்ல போயி சொல்லிட்டு வந்திருக்கோம். இனிமே தாக் போலே. எங்க, சொல்லுங்க பாப்போம்.”

ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். முடியாது, முடியாது. பக்கத்து வீட்டு அக்காவின் முறை வந்தபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என் புள்ளைய என்னால பாக்க முடியலன்னு எப்பிடி சொல்றது? அவன் காதுல விழுந்தா?”

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போவதென்று முடிவானதும் பதாகை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நல்ல மலாயில், தங்கள் கருணையை வேண்டிப் பணிவுடன் விண்ணப்பிக்கிறோம் என்று எழுதி வாசித்துக் காட்டினேன். என் வாழ்நாளில் மற்றவர்களுக்காக நான் எழுதிய மனுக்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

“என்னாண்ணே இது, பிச்சை கேக்கற மாதிரி?” என்றாள் தங்கை. “ஒரு வார்த்தை போதும். புலாங்கான்.”

திருப்பிக் கொடு. பழைய படுக்கைவிரிப்பில் அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதினேன், பெரிய எழுத்தில்.

மாவட்ட அலுவலகத்தின் வாசலில் போய் உட்கார்ந்தோம். சக்கர நாற்காலிகள், மடக்கு நாற்காலிகள், பின்கதவு திறந்திருந்த வேனில், மெத்தையில் பக்கத்து வீட்டு அக்காவின் மகன். காவலாளி வந்து ஓரமாகப் போகச் சொன்னார். எப்படிப் போவது, தூக்கிக்கொண்டு போங்கள் என்றார் லோரிக்காரர். உள்ளேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேனுக்குள் பார்த்தார். மேல்முறையீடு செய்யலாம், ஒவ்வொருவராக வந்து பேசுங்கள் என்றார். உத்தரவு தன்னுடையது இல்லை என்றும் சொன்னார். “உத்தரவ யாரு போட்டாங்களோ அவங்க காதுக்குப் போற வரைக்கும் நாங்க பேசுவோம்” என்றாள் தங்கை. நான் மொழிபெயர்த்தேன்.

எங்களைக் கூப்பிடுவதற்கு முன் நான் மனதில் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தேன். ஓய்வூதியம் என் மருந்துக்கே போதவில்லை, தங்கையைத் தாங்க என்னால் முடியாது என்று சொல்லிவிடுவது. முன்பு ஒரு வார்த்தையால் கெடுத்ததை இன்னொரு வார்த்தையால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அறைக்குள் போனதும் அந்தப் பெரிய அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை குறுக்கிட்டாள். அவளுடைய மலாய் சந்தை மலாய்தான், ஆனால் அன்று எதுவும் தடுக்கவில்லை.

“என் அண்ணனால முடியும்” என்றாள். “நல்ல மனுசன். மனசு வந்தா குடுப்பாரு. என்மேல கோவம் வந்தா நிறுத்துவாரு. எனக்கு முன்னாடி அவரு போயிட்டா அப்புறம் யாருகிட்ட கேப்பேன்? நான் கேக்கறது அவருகிட்ட இல்ல, உங்ககிட்ட. கால் போனது எனக்கு. அவருக்கு இல்ல.”

அதிகாரி கணினியைப் பார்த்தார். அதில் அதே கேள்விகள் இருந்திருக்க வேண்டும். சமைக்க முடியுமா என்று கேட்டார்.

தாக் போலே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சட்டைக் கையை மேலே இழுத்து முழங்கையைக் காட்டினாள். பழைய தீக்காயம், அதன்மேல் புதியது. “அடுப்ப தரையில வெச்சு உக்காந்து சமைப்பேன். இந்தப் பக்கம் கண்ணு தெரியாது. எண்ண தெறிச்சா தோலு சுட்டதுக்கப்புறம்தான் தெரியும். இப்பிடித்தான் சமைக்கிறேன். இதுக்கு முடியும்னு எழுதுவீங்களோ முடியாதுன்னு எழுதுவீங்களோ, எழுதிக்குங்க.”

அதிகாரி உடனே எதையும் தட்டவில்லை. எப்படிக் குளிக்கிறீர்கள் என்று அவராகவே கேட்டார்.

வெளியே வந்ததும் நாற்காலியை நேராகப் பக்கத்து வீட்டு அக்கா பக்கம் தள்ளும்படி என்னிடம் சொன்னாள். “அக்கா, முடியலன்னு நீங்க சொல்லவே வேணாம். எப்பிடி பாத்துக்கறீங்கன்னு சொல்லுங்க. எப்பிடி பெரட்டிப் போடறீங்க, எப்பிடி சோறு எறக்கறீங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. அது போதும்.”

அக்கா உள்ளே போனார். அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது.

திரும்பும் வழியில் காரில் நாங்கள் இருவர் மட்டும். மண்டபத்தில் அன்று நான் போலே சொன்னதை அவள் கேட்டிருந்தாள், அது தெரிந்ததுதான். ஏன் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியாது. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். காசு நின்றால் வருவாய் என்று நினைத்தேன். நம்பர் எடுப்பது நிற்கும் என்று நினைத்தேன்.

அவள் திட்டவில்லை. செம்பனை வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன. டவுனுக்குள் நுழைந்ததும் “நிறுத்துங்க” என்றாள். நம்பர் கடை.

“எறங்கிப் போயி எடுத்துட்டு வாங்க.”

“நானா?”

“எனக்குக் கால் இல்ல. உங்களுக்கு இருக்குல்ல.”

அவள் சொன்ன நம்பரோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். என்னிடம் படித்தவர். “சிக்கு! நீங்களுமா?” என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். ஆமாம் என்றேன். காருக்குத் திரும்பிச் சீட்டைக் கொடுத்தபோது அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். பல நாட்களுக்கு என் அழைப்புகளை எடுக்கவில்லை. அது நியாயம்தான். இப்போது பேசுகிறாள், ஆனால் அண்ணே என்று கூப்பிடுவதில் முன்பிருந்த ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அவளுடைய தொகை மறுபடி வந்தது. லோரிக்காரருக்கும் வந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வரவில்லை. தாங்கக்கூடிய உறவினர் இருந்தால் தொகை கிடையாது என்ற விதியில் அவருடைய கொழுந்தனார் மாட்டிக்கொண்டார். சிலிம் ரிவரில் வசிக்கும் அந்த மனிதர் இவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் பல வருடம் ஆகிறது. அங்கேயும் நிறையப் பேருக்கு நின்றுபோயிருப்பதாகச் செய்தி வந்தது.

எங்கள் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை தங்கை தொலைபேசியில் கேட்டாள். “கார்ல பெட்ரோல் இருக்காண்ணே?”

அலுவலக வாசலில் அதே காவலாளி. எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். உங்களுக்குத்தான் கிடைத்துவிட்டதே அக்கா, மறுபடி எதற்கு வந்தீர்கள் என்று மலாயில் கேட்டார்.

“எனக்குக் கெடச்சிருச்சு” என்றாள் தங்கை. பின்னால் வேனுக்குள் பக்கத்து வீட்டு அக்கா மகனின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “இவங்களுக்கு இன்னும் இல்ல. சிலிம் ரிவர் ஆளுங்க பஸ்ஸுல வந்துகிட்டு இருக்காங்க. எடம் பத்தாது, கேட்ட கொஞ்சம் நல்லா தெறந்து வைங்க.”

காவலாளி உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு வாயிற்கதவின் அடுத்த பாதியையும் திறந்துவிட்டார். நான் காரின் பின்புறத்திலிருந்து நாற்காலிகளை இறக்க ஆரம்பித்தேன்.