கண்ணாடியில் தெரிந்த தண்ணீர்

பெட்டியில் வந்த பாகங்களை ஏழு மாதம் கோத்துச் செய்த சின்ன நீராவி இன்ஜினுக்கு, ஒத்தக்கடை வீட்டு மேஜையில் இன்றுதான் முதல் தடவையாக நெருப்பு வைத்தேன். சூடான எண்ணெய் வாசத்தில் அப்பாவின் காக்கிச் சட்டை எழுந்து வந்தது.

அப்பா ரயில் டிரைவர். வீட்டுக் குடத்தைக்கூட விரலால் தட்டிப் பார்த்துத்தான் தண்ணீர் மொள்ளுவார்.

ஒரு சாயங்காலம் அவருடைய தூக்குவாளியோடு, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் மட்டும் வந்தார். கையில் கட்டு.

"பாய்லர் வெடிக்கிற வரைக்கும் அளவு காட்டுற கண்ணாடியில பாதித் தண்ணி தெரிஞ்சுச்சு மதினி. அதுக்குப் போற குழாய் அடைச்சிருந்திருக்கு. உள்ள சொட்டுத் தண்ணி இல்ல."

அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். சோறு அப்படியே இருந்தது.

என் இன்ஜினிலும் தீக்குச்சி அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். பாதித் தண்ணீர் தெரிகிறது. கொதித்தால் அது ஆட வேண்டும். விரலால் தட்டினேன். ஆடவில்லை.

"எப்பப்பா ஓடும்?" என்று மகள் பாய்லருக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.