நஸ்ரியா மதினி திறந்த வக்கடை

வயல் வேலை எனக்குத் துண்டறத் தெரியாது. தோப்பூரில் தையல் மெசினோடு கிடக்கிற பஸ்மியா நான். என்னை நம்பி இரண்டு ஏக்கரை விட்டால் வேறென்ன நடக்கும்?

என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, மௌத்தாகி மூன்று மாதம். அவருடைய மனைவி, என் வயதுக்காரி நஸ்ரியா மதினி, இத்தாவில் இருந்தாள். புருசனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்கிற காலம் அது. விதைப்பு, மருந்து, உரம் எல்லாம் அறைக்குள் இருந்தே சொல்வாள், நான் ஓடுவேன். அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வருசத்துச் சோறு அந்தப் பெரும்போக நெல்தான்.

உரம் வீசிய அன்று, "புள்ள, உரம் கழுவுண்டு போகாம வக்கடைய இறுக்கிக் கட்டு" என்றாள். வரம்பில் தண்ணீர் வடிகிற வாய்தான் வக்கடை. மண் மூட்டை போட்டு மிதிமிதியென்று மிதித்துக் கட்டினேன்.

மறுநாள் புயல் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால், இருபது நாள் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. ஓடிவந்து சொன்னேன்.

"வக்கடைய வெட்டிவிட்டியா?"

"எனக்கு ஏலாது மதினி. பயமாக் கிடக்கு."

அவள் மண்வெட்டியை எடுத்தாள். "இத்தாவில வெளிக்கிட்டா ஊர் என்ன கதைக்கும்?" என்று கத்தினேன்.

"பயிர் அழுகினா ஊரா சோறு போடும்?" என்றபடி வயலுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

வரம்புக்கு அப்பால் வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலைவிட உயர்ந்து நிற்பதை நான் காலையிலேயே கண்டிருந்தேன். சொல்ல வேண்டிய விசயம் என்று எனக்கெப்படித் தெரியும்? மூன்று மாதமாக வயலைக் காணாதவள், பதற்றத்தில் அப்பால் எட்டிப் பார்க்கவுமில்லை. மூட்டையை இழுத்தாள்.

தண்ணீர் வெளியே போகவில்லை. உள்ளே பாய்ந்தது.

"யா அல்லாஹ்!" வக்கடையிலேயே உட்கார்ந்து முதுகால் அடைத்தாள். "மண்ண அள்ளு புள்ள! அள்ளு!"

அள்ள அள்ளக் கரைந்தது. இரண்டு பக்கமும் வரம்பு இடிந்து, தண்ணீர் அவள் நெஞ்சுக்கு ஏறியது. இவளும் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு யார்? கையைப் பிடித்தேனோ முடியைப் பிடித்தேனோ, இழுத்து மேட்டில் போட்டேன்.

பயிர் நுனி ஒன்றுகூடத் தெரியவில்லை.

"பஸ்மியா, இருபது நாள் பயிர் தண்ணிக்குள்ள எத்தின நாள் தாங்கும்?"

வயலைப் பற்றி நானாகூட அவளிடம்தான் கேட்பார். அவள் என்னிடம் கேட்கிறாள்.

"தாங்கும் மதினி" என்றேன். எத்தனை நாளென்று திரும்பவும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தபடியே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.