அந்த மூலைக்கு ஒரு பேர்

பம்பாய் மாட்டுங்காவில் என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எத்தனை முச்சந்தி, நாற்சந்தி இருக்கிறதோ அத்தனைக்கும் செத்துப்போன ஒருவரின் பேர் உண்டு. நீலப் பலகை, வெள்ளை எழுத்து, மேலே மாநகராட்சி முத்திரை, கடைசியில் சந்திப்பு என்று பொருள்படும் ‘சௌக்’ என்ற வார்த்தை. அந்தப் பேர்களை வாய்விட்டுச் சொன்ன ஒரு மனிதரை இதுவரை நான் சந்தித்ததில்லை. டாக்ஸிக்காரரிடம் ‘ஒயின் ஷாப் கிட்டே’ என்பார்கள். ‘பேங்க் மூலை’ என்பார்கள். அங்கிருந்த பேங்க் எப்போதோ வேறு பேங்கோடு கலந்து மறைந்துவிட்டது, மூலை மட்டும் இன்னும் அதன் பேரில் இருக்கிறது. பலகையில் இருப்பவர் யார், என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வார்டிலும் கார்ப்பரேட்டர்கள் என்கிற கவுன்சிலர்கள் மூலைகளுக்குப் பேர் வைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சாலையைச் சரிசெய்வதைவிட அது சுலபம். எதிர்ப்பும் வராது, சம்பந்தப்பட்டவர் உயிரோடு இல்லை.

இப்படியெல்லாம் கிண்டலாக எழுதித்தான் தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் எனக்கு நகைச்சுவை எழுத்தாளன் என்ற பேர். எனக்கு வாசகர்கள் இரண்டு பேர் உறுதியாக உண்டு. ஒருவர் பிழை திருத்துகிறவர், அவருக்கு வேறு வழியில்லை. இன்னொருவர் அண்ணாச்சி.

அண்ணாச்சி அந்த ஒயின் ஷாப் மூலையில் கடை வைத்திருந்தார். அப்பளம், காப்பிப் பொடி, வாழையிலை, கோலமாவு. வீடு தாராவியில். விடிந்ததும் நடந்தே வந்து, கடையைத் திறக்குமுன் என்னோடு பக்கத்து மாநகராட்சித் தோட்டத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடப்பார். நான் தனிக்கட்டை. பேங்க் வேலையை முன்கூட்டியே விட்டு ஓய்வு வாங்கிக்கொண்டவன். அவரோடு பேசிவிட்டு வந்தால் அன்றைக்கு நான் வாயைத் திறந்து பேசவேண்டியது அநேகமாக முடிந்துவிடும். மிச்சத்துக்கு லிஃப்ட்டில் யாராவது ‘எந்த மாடி?’ என்று கேட்டால் உண்டு.

மாதம் ஒருமுறை பத்திரிகை வந்ததும் நடந்துகொண்டே கேட்பார்: “படிச்சேன் சார். இதுல எந்த எடத்துல சிரிக்கணும்?”

நான் இடத்தைச் சொல்வேன். நின்று, யோசித்து, “சரி, அடுத்த தடவ சிரிச்சிருதேன்” என்பார்.

மற்றபடி எங்கள் பேச்சு முழுக்க மாநகராட்சிதான். குறிப்பாக ஒரு மூடி. கடைக்கு நேர் எதிரே சாக்கடைக்கு ஒரு இரும்பு மூடி. சாலைக்குக் கான்கிரீட் போட்டபோது சாலை உயர்ந்தது, மூடி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. மழை பெய்தால் அந்தப் பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது. ஸ்கூட்டர்கள் விழும். அண்ணாச்சி உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாக அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

“இன்னும் நல்ல நாற்காலியாக வைத்தால் தூரத்திலேயே தெரியுமே அண்ணாச்சி” என்றேன் ஒருநாள்.

“ஒடஞ்சதாப் பாத்துத்தான் சார் வைக்கணும். நல்லதா இருந்தா ராத்திரியே தூக்கிட்டுப் போயிருவான்.”

கடையில் கூட்டம் ஓய்ந்ததும் வார்டு ஆபீசுக்குப் போவார். புகார் கொடுக்கப் போகிறவர் மாதிரி இருக்காது, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. போய் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வருவார். “என்ன சொன்னார்கள்?” என்றால் பதிலும் அதே ரகம்: “சொல்லி அனுப்புதோம்னாவ.”

அவர் ஒரு மத்தியானம் கல்லாவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை நான் வழக்கம்போல் தோட்டத்து வாசலில் போய் நின்றேன். தெரிந்துதான் நின்றேன். வேறெங்கே நிற்பது என்று தெரியவில்லை.

கடையை மகன் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். மகன் தூரத்துப் புறநகரான முலுண்டில் இருக்கிறான். அம்மாவையும் பள்ளி விடுமுறை தொடங்கியதும் அங்கே கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதுவரை நான் அவ்வப்போது தாராவி வீட்டுக்குப் போய் அண்ணாச்சியின் மனைவியான அந்த அக்காவிடம் அவரைப் பற்றிப் பேசிவிட்டு வருவேன். அக்காவும் போய்விட்டால் அண்ணாச்சியின் பேரைச் சொல்லிப் பேச எனக்கு இந்தப் பக்கத்தில் ஆளே இல்லை. அந்தப் பயத்தில்தான், வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்த காரியத்தில் நானே இறங்கினேன். அந்த மூலைக்கு அண்ணாச்சியின் பேர் வைக்க வேண்டும். அக்கா முலுண்டுக்குப் போகுமுன் பலகை நிற்க வேண்டும்.

நேரமும் தோதாக இருந்தது. பல வருஷம் கார்ப்பரேட்டர்களே இல்லாமல் அதிகாரிகள் கையில் ஓடிய மாநகராட்சிக்கு அப்போதுதான் தேர்தல் நடந்து புது ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் வார்டுக்கு வந்தவர் ஒரு பெண்மணி. பேசுவதெல்லாம் அவருடைய கணவர். அவர் என் தோளில் கைபோட்டு, “ஹோ ஜாயேகா அங்கிள்” என்றார். ஆகிவிடும். ஆனால் இறந்தவர் செய்த சமூகசேவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நீங்கள் எழுத்தாளராமே, என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி எந்த ஊர்? திருநெல்வேலிப் பக்கம். எந்தப் பக்கம்? எந்த வயதில் பம்பாய் வந்தார்? யாரோடு வந்தார்? பேரப்பிள்ளைகள் எத்தனை? அந்த மூடியின் எடை, விட்டம், அதை மாற்ற எந்த இலாகாவிலிருந்து எந்த இலாகாவுக்குக் காகிதம் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருக்கும். இரண்டு பேர் தினமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டியிருப்பதில்லை.

கடைசியில் ‘பொதுமக்களின் பாதுகாப்புக்காக அயராது பாடுபட்டவர்’ என்று எழுதினேன். பாதுகாப்பு என்றால் நாற்காலி. கணவர் அதைப் படிக்காமலேயே நன்றாக இருப்பதாகச் சொன்னார். வாசகர்கள் மூன்றாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டு கமிட்டி கூட்டத்தில் கணவர் எனக்குப் பின்வரிசையில், பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். கூட்டம் மராத்தியில் நடந்தது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு மராத்தியில் காய்கறி வாங்க வரும், மன்னிப்புக் கேட்க வரும். அதை வைத்துக்கொண்டு புரிந்துகொண்டேன். கொசுமருந்து அடிக்கிறவர்கள் பெரிய கட்டடங்களுக்கு மட்டும் அடிக்கிறார்கள். பொதுக் கழிப்பறை ஒன்றில் விளக்கு இல்லை. விளக்கு போட்டாயிற்று என்கிறார் அதிகாரி. பல்பு இல்லை என்கிறார் உறுப்பினர். பல்பு வேறு இலாகா. ஒரு மரத்தின் கிளை யாருடைய பால்கனியிலோ நுழைகிறது. நடுவில் வடை வந்தது. அண்ணாச்சி பக்கத்தில் இருந்தால் எவ்வளவு ரசித்திருப்பார் என்று நினைத்தேன். பீரோதான் இருந்தது.

எங்கள் மூலை வந்தது. கார்ப்பரேட்டர் அம்மாள் நான் எழுதிய பக்கத்தை வாசித்தார். ஓரிருவர் மேஜையைத் தட்டினார்கள். அப்போது சாலைப் பிரிவு என்ஜினியர் ஒரு பழைய கோப்போடு எழுந்தார். அந்தச் சந்திப்புக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது என்றார்.

யார் பேர் என்று தலைவர் கேட்டார். என்ஜினியர் ஒரு பேரைப் படித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. வெகு காலத்துக்கு முன் தீர்மானம் போட்டுப் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு சாலை வேலையில் பலகை போய்விட்டது. போனதை யாரும் கவனிக்கவில்லை. அந்த மூலையில் தினமும் பால் வாங்கிய நான் கவனிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் புகார் கொடுத்த அண்ணாச்சியும் கவனிக்கவில்லை.

ஒரே மூலைக்கு இரண்டு பேர் கூடாது. எனவே, காணாமல்போன பழைய பலகையை மீண்டும் வைப்பதென்று ஏகமனதாக முடிவாயிற்று. மேஜையைத் தட்டினார்கள். இதைக் கவனத்துக்குக் கொண்டுவந்த குடிமகன் என்று தலைவர் என்னைக் கைகாட்டினார். நானும் வணங்கித் தொலைத்தேன்.

தாராவி வீட்டில் பாதிப் பாத்திரங்கள் பழைய புடவைகளில் மூட்டையாகியிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

“அவியளுக்கு வீட்டு வாசல்லயே போர்டு கெடையாது தம்பி. ரோட்டுல எதுக்கு? மழையில நனையவா?”

“இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கலாம் அக்கா. வேறே மூலை…”

“வேற மூலையில அவியளுக்கு என்ன சோலி?” பாத்திரத்தைத் துடைத்தபடி சொன்னார். “ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்தாச்சுல்லா. அதப் பிடுங்கி இவியளுக்கு வச்சா, இவியளே வார்டு ஆபீசுல போயி உக்காந்துருவாவ, அவர்ட்ட திருப்பிக் குடுன்னு.”

அது உண்மை. நான் காப்பியைக் குடித்தேன்.

“முலுண்டுக்கு ஒருநாள் வாங்க தம்பி. ஸ்டேஷன்ல எறங்கி ரிக்‌ஷா. தனியா இருந்து என்னத்தத் திங்கியளோ.”

வருகிறேன் என்றேன். இன்னும் போகவில்லை. போய் என்ன பேசுவது? அங்கே அவர் பேரப்பிள்ளைகளின் பாட்டி. ஹிந்தியில் பேசும் பிள்ளைகள் நடுவில் நான் உட்கார்ந்து ஒரு சாக்கடை மூடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அவர் போன பிறகுதான் பலகை வந்தது. இரண்டு தொழிலாளிகள் குழி தோண்டி நட்டார்கள். கார்ப்பரேட்டரின் கணவர் மாலையோடு வந்தார். பலகையில் இருப்பவரின் குடும்பம் என்று யாரும் வரவில்லை, யாரைக் கூப்பிடுவது? மாலை போட ஒரு ஆள் வேண்டும் என்று என் கையில் கொடுத்தார்கள். போட்டேன். ஒரு போட்டோ எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அது வாட்ஸப்பில் சுற்றியது: குடும்பத்தார் முன்னிலையில் திறப்பு விழா. நான் நெகிழ்ச்சியாகத்தான் நிற்கிறேன். வெயில் கண்ணில் அடித்தது.

ஜூனில் மழை பிடித்தது. மூடிமேல் இருந்த சிவப்பு நாற்காலி, கடை கைமாறியபோதே போய்விட்டிருந்தது. ஒரு காலையில் என் கண்ணெதிரே ஒரு பெண் ஸ்கூட்டரோடு விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன்.

புகார் எழுதுகிற குமாஸ்தா தலை நிமிராமல், எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். புதுப் பலகையில் இருந்த பேரைச் சொன்னேன். அப்படி ஒரு இடமே இல்லை என்றார். ஒயின் ஷாப் என்றேன். எந்த ஒயின் ஷாப் என்றார். மூடி, பள்ளம், எதிரே மொபைல் கவர் விற்கும் கடை, முன்னே அப்பளக் கடை என்று என் ஹிந்தியில் படம் வரைந்தேன்.

அவர் தலை நிமிர்ந்தது. “அரே, அண்ணா நாக்கா! லால் குர்சி! முதலிலேயே சொல்லக் கூடாதா?”

நாக்கா என்றால் இந்த ஊரில் முச்சந்தி. தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் இங்கே அண்ணாதான். என்னையும் பால்காரர் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் லால் குர்சி, அந்தச் சிவப்பு நாற்காலி, ஒருவருடையதுதான்.

“எங்களுக்கெல்லாம் அது அண்ணா நாக்காதான்” என்றார் குமாஸ்தா எழுதிக்கொண்டே. “எங்கே அவர்? ரொம்ப நாளாகக் காணோமே. கோபமா?”

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். பேனாவை வைத்தார். கையைக் காட்டி இரண்டு டீ வரவழைத்தார். அண்ணாச்சி உட்காருகிற நாற்காலி அதுதானாம், நான் உட்கார்ந்திருந்தது.

“அவருக்கு ஒரு நண்பர் உண்டு என்பார். ஏதோ ஜோக் எழுதுகிறவராம்” என்றார். “பாவம், ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள், நான் போய்த்தான் அவரோடு நடக்கணும், இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடப்பார் என்பார். உங்களுக்குத் தெரியுமா அவரை?”

பார்த்திருக்கிறேன் என்றேன்.

டீ முடிந்தது. மூடியைப் பற்றிக் கேட்டேன். இன்னொரு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும், சொல்லி அனுப்புகிறோம் என்றார். தனக்கு அடுத்த மாதம் அந்தேரிக்கு மாற்றல் என்றும் சொன்னார். அவர் போய்விட்டால் அந்த ஆபீசில் அண்ணா நாக்கா என்று சொல்ல யார் இருப்பார்களோ, தெரியாது.

வெளியே மழை வலுத்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன, இரண்டும் நல்ல நிலையில். உட்காருகிறவன் ஒருவன்தான். ஒன்றைப் படுக்கப்போட்டு ஒரு காலை மிதித்தேன். உடையவில்லை. அம்மிக்குழவியை எடுத்து வந்து அடித்தேன். ஒரு நாற்காலியை உடைப்பது இவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணியடித்தார். அந்த மணி அடித்து எத்தனையோ நாளாயிற்று. என்ன சத்தம் என்றார். நாற்காலி உடைக்கிறேன் என்றேன். என்னையும் குழவியையும் பார்த்துவிட்டு, சரி என்று இறங்கிப் போனார்.

கால் ஒருவழியாக ஒடிந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போய், கணுக்கால் தண்ணீரில் மூடி எங்கே என்று காலால் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வெள்ளை நாற்காலி. சிவப்பு மாதிரி எடுப்பாகத் தெரியவில்லை. பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஸ்கூட்டர்கள் விலகித்தான் போயின.