அப்பாவுக்குக் காய்ச்சல்

எங்கள் தருவைகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது. காலையில் சர்ச்சில் பூசை, மதியம் கறிச்சோறு, அதற்குப் பிறகு ஆண்களுக்கு வேலை இல்லை. எங்கள் வீட்டுக் கஷ்டம் அந்த ஓய்வில்தான் ஆரம்பிக்கும். ஞாயிறு குடிக்கப் போகிற அப்பா திங்கள் எழுந்திருக்க மாட்டார். படகிலிருந்து ஆள் வந்து கூப்பிடும்போது வாசலில் நின்று பதில் சொல்வது என் பொறுப்பு. "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்பேன். டீச்சரிடமும் கடைக்காரரிடமும் அதேதான். அம்மா சொல்லிக்கொடுத்தது. என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் ஒரு மாத்திரையின் பெயரையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் கேட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அம்மாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தூத்துக்குடியில் கூடுகிறார்கள், மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மாடியில், வீட்டாரும் வரலாம் என்று அதில் இருந்தது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவும் சேர்ந்து கிளம்பினால் தெருவே என்ன ஏது என்று கேட்கும். அதனால் சீட்டு என் கைக்கு வந்தது.

"யாரு கேட்டாலும் ஜெபக் கூட்டத்துக்குப் போறோம்னு சொல்லு, என்ன? வேற ஒண்ணும் வாயத் தொறக்காத" என்றாள் அம்மா.

அப்பாவிடம் அவள் சொன்னது வேறு. இந்த ஞாயிறும் குடித்துவிட்டு வந்தால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வேம்பாருக்கு, தாய்வீட்டுக்குப் போய்விடுவாளாம். கதவுக்குப் பின்னால் துணிப்பை தயாராக இருந்தது. அதில் தம்பியின் சட்டைகள் இருந்தன. என் பாவாடை ஒன்றுகூட இல்லை. அதை நான் இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தூத்துக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பாவின் கையை இறுகப் பிடித்தேன். ஒயின்ஷாப் இருக்கும் பக்கமாக நான் நடந்தேன், அவருக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்று. என் தலை அவர் நெஞ்சுக்குக்கூட எட்டாது.

கோயில் கிடைத்தது. பின்னால் பள்ளிக்கூடம் எது என்று தெரியவில்லை, எந்தப் போர்டும் இல்லை. ஒரு பலசரக்குக் கடையில், அம்மா சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்.

"அண்ணாச்சி, ஜெபக் கூட்டம் எங்கன நடக்கு?"

அவர் யோசிக்காமல் எதிரே இருந்த சந்துக்குள் கை காட்டினார். அங்கே உண்மையாகவே ஒரு ஜெபக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாட்டு, கைத்தட்டல். பிரசங்கியார் நேராக எங்களிடம் வந்து, "சகோதரருக்கு என்ன சுகவீனம்?" என்றார். அப்பா வாயைத் திறக்குமுன் என் வாய் சொல்லிவிட்டது: "காய்ச்சல்."

அவர் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. இருந்தாலும் உரக்க ஜெபித்தார்.

வெளியே வந்ததும் அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி. "ஏளா, அதான் ஜெபம் ஆயிட்டுல்லா? பஸ்சுக்குப் போவமா?"

மணி ஐந்து தாண்டிவிட்டது. எனக்குத் துணிப்பையும் வேம்பாரும் கண்முன் வந்தன. அழ ஆரம்பித்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அதே கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, குடிய விடுதவுக கூடுத எடம் எங்கன இருக்கு?"

கடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கடைக்காரர் எழுந்து தெருவுக்கே வந்தார். "அந்தா, நீல கேட்டு. மாடி ஏறிப் போங்க. எம் மச்சான் அங்கதான் இருக்கான். இத மொதல்லயே கேட்டிருக்கப்பிடாதா?"

மாடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, தான் குடித்ததைச் சொன்னார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே தெரியக்கூடாத விஷயத்தை இப்படியா போட்டு உடைப்பார்கள்! அப்பாவின் முறை வந்தது. எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம ஆயிட்டுன்னா, எனக்கு..."

நான் நாற்காலியிலிருந்து குதித்து அவருக்கு முன்னால் நின்றேன். "எங்கப்பா குடிக்க மாட்டாவ! அவியளுக்குக் காய்ச்சல்!"

துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகச் சொன்ன ஒருவர் சிரித்தார். "எங்க வீட்டுல வயித்துவலி, தாயி. எம் மவ அப்படித்தான் சொல்லுவா."

"எங்க வீட்டுல முதுகு புடிச்சிக்கிடும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைக்காரர் சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்பா என் தோளில் கையை வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார்.

அப்பா அன்றோடு திருந்திவிட்டார் என்று எழுதினால் அது பொய். இடையில் இரண்டு முறை சறுக்கினார். துணிப்பை அடுத்த கிறிஸ்துமஸ் வரை கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் ஞாயிறு சாயங்கால பஸ்ஸை அவர் விடவில்லை.

அன்று வீடு திரும்பியதும் அம்மா என்னைத்தான் முதலில் கேட்டாள். நான் பயந்து பயந்து சொன்னேன். அங்கே எல்லோருக்கும் ஏதோ ஒரு சீக்கு இருக்கிறது, அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும், இனி அனுப்பாதே. அப்பா அத்தனை பேர் முன்னாலும் குடிப்பதைச் சொல்லிவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மா என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன், அடிக்க மனமில்லாமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.